பெங்களூரில் வியாபாரம் பெருகினால் அங்கேயும் பதிய வேண்டுமா: கிளை, ஏஜென்ட், புதுக் கம்பெனி, இல்லை இங்கிருந்தே பில்?

திருப்பூரிலோ ஈரோட்டிலோ ஓசூரிலோ இருக்கிற ஒரு வியாபாரிக்குப் பெங்களூரில் நாலு கடைக்காரர்கள் தொடர்ந்து ஆர்டர் கொடுக்க ஆரம்பித்ததும் வருகிற முதல் கேள்வி, கர்நாடகாவிலும் ரிஜிஸ்டர் பண்ண வேண்டுமா என்பதுதான். ஆடிட்டர் அங்கேயும் ஒரு ஜிஎஸ்டி எடுத்துவிடலாம் என்பார். மச்சான் இதுதான் சமயம், புதுசா ஒரு பிரைவேட் லிமிடெட் போட்டுவிடு என்பார். பெங்களூர்க் கடைக்காரர் 29-ல் ஆரம்பிக்கிற கர்நாடக ஜிஎஸ்டி நம்பரில் லோக்கல் பில் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று நிற்பார். மூன்று பேரும் மூன்று வேறு விஷயத்தைப் பேசுகிறார்கள். அதைப் பிரித்துப் பார்த்தாலே முடிவு பாதி வந்துவிடும்.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சரக்கு அங்கே தங்காத வரைக்கும் எங்கேயும் புதிதாகப் பதிய வேண்டாம். தங்க ஆரம்பித்தால் அதே பெயரில், அதே பான் எண்ணில் கிளை போடுங்கள். புதுக் கம்பெனி என்பது அங்கே பணம் போடுகிற புதுப் பங்குதாரர் வந்தால் பேச வேண்டிய பேச்சு.

இணையத்தில் இதைத் தேடினால் வருவதில் பெரும்பகுதி அமெரிக்கக் கதை. அங்கே ஒரு மாநிலத்தில் பதிவான நிறுவனம் அடுத்த மாநிலத்தில் கடை போட்டால் அந்த மாநில அரசிடம் வெளிமாநில நிறுவனம் என்று தனியாகப் பதிந்து கட்டணம் கட்ட வேண்டும். அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நம் கம்பெனிகள் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். கோயம்புத்தூர் ரிஜிஸ்ட்ராரிடம் பதிந்த பிரைவேட் லிமிடெட் பெங்களூரிலும் கொச்சியிலும் ஆபீஸ் போட அங்குள்ள ரிஜிஸ்ட்ராரிடம் போக வேண்டியதில்லை, எல்எல்பியும் (பங்காளிகளின் பொறுப்பு அவரவர் போட்ட பணத்தோடு நிற்கிற கூட்டு நிறுவனம்) அப்படியே. பதிவு செய்த பார்ட்னர்ஷிப் என்றால் புதிய இடத்தில் தொழில் தொடங்கியதை உங்கள் ஊர் ரிஜிஸ்ட்ராருக்கு ஒரு தகவலாக அனுப்பலாம், 1932-ஆம் ஆண்டு பார்ட்னர்ஷிப் சட்டத்தின் 61-ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. புரொப்ரைட்டர் என்றால் அதுவும் இல்லை. டிரேட்மார்க் நாடு முழுவதும் செல்லும். சிறு, நடுத்தரத் தொழிலுக்கு மத்திய அரசு தருகிற உத்யம் எண் ஒரு நிறுவனத்துக்கு ஒன்றுதான், வெளிமாநில யூனிட்டையும் அதிலேயே சேர்க்க வேண்டும், இன்னொன்று எடுக்கக் கூடாது. ஆக, பக்கத்து மாநிலத்தில் "பதிவு" என்று நாம் பேசுவது நடைமுறையில் ஜிஎஸ்டியைத்தான், அதோடு உள்ளூரில் ஒட்டிக்கொண்டு வருகிற சில லைசென்ஸ்களை.

இனி ஜிஎஸ்டி. சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்வது, எந்த மாநிலத்திலிருந்து சப்ளை செய்கிறீர்களோ அந்த மாநிலத்தில் பதிவு எடுக்க வேண்டும். எந்த மாநிலத்துக்கு என்று இல்லை, எந்த மாநிலத்திலிருந்து. வாங்குகிறவர் பெங்களூரில் இருந்தாலும் லக்னோவில் இருந்தாலும் சரக்கு திருப்பூர் குடோனிலிருந்து கிளம்புகிறது என்றால் 33-ல் ஆரம்பிக்கிற உங்கள் தமிழ்நாட்டு நம்பரே போதும். பில்லில் மாநிலத்துக்குள் விற்கும்போது போடுகிற சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டிக்குப் பதிலாக மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி போட வேண்டும், மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கோடு போகிற இ-வே பில் என்கிற ஆன்லைன் சீட்டு எடுக்க வேண்டும், முடிந்தது. ஒரு வருடத்தில் இத்தனை லட்சத்துக்கு மேல் அந்த மாநிலத்துக்கு விற்றால் அங்கே பதிய வேண்டும் என்கிற வரம்பும் கிடையாது.

அப்படியானால் பெங்களூர்க் கடைக்காரர் ஏன் லோக்கல் பில் கேட்கிறார்? இதற்குப் பழைய காரணம் ஒன்று இருக்கிறது. 2017 ஜூலைக்கு முன்னால் வெளிமாநில விற்பனைக்கு மத்திய விற்பனை வரி உண்டு, சி ஃபாரம் கொடுத்தால் 2 சதவீதம். அந்த 2 சதவீதத்தை வாங்குகிறவர் எங்கேயும் கழித்துக்கொள்ள முடியாது, அவர் அடக்க விலையில் அப்படியே ஏறிவிடும். அதனால் கொஞ்சம் பெரிய வியாபாரிகள் எல்லாம் மாநிலத்துக்கு ஒரு டிப்போ வைத்து, எஃப் ஃபாரத்தில் வரி இல்லாமல் சரக்கை அங்கே மாற்றி, உள்ளூர் வாட் பில் போட்டு விற்றார்கள். அந்தக் காலத்தில் கிளை போடுவதே வரிக்காகத்தான். ஜிஎஸ்டி வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. ஐஜிஎஸ்டியை வாங்குகிறவர் முழுசாக இன்புட் கிரெடிட்டாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிற தொகையாக, எடுத்துக்கொள்ளலாம், அந்தக் கிரெடிட்டை வைத்து ஐஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி எதை வேண்டுமானாலும் கட்டலாம். அவருக்கு 33-ம் ஒன்றுதான், 29-ம் ஒன்றுதான். ஆனால் பழக்கம் போகவில்லை. லோக்கல் பில் கேட்கிற கடைக்காரரிடம் இதை ஒரு முறை உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள், அல்லது அவருடைய ஆடிட்டரிடம் பேசச் சொல்லுங்கள். ஒரு போன் காலில் தீர வேண்டிய விஷயத்துக்காக வருஷம் முழுக்க இன்னொரு நம்பருக்கு ரிட்டர்ன் போடுவது வீண் வேலை.

இங்கிருந்தே பில் போடும் வழிக்கு உண்மையான எதிரி வரி அல்ல, நேரம். இன்று மாலை ஓசூரில் ஏற்றினால் சரக்கு ராத்திரிக்குள் பெங்களூரில் இருக்கும், நாற்பது கிலோமீட்டர் தூரம்தான், அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகா. ஓசூர்க்காரர் ஒருவர் பெங்களூரில் கிளை போட வேண்டும் என்று சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் தூத்துக்குடியிலிருந்து ஹூப்ளிக்குப் போகிற சரக்கு வேறு. கடைக்காரர் காலையில் கேட்டு சாயந்திரம் கிடைக்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரரிடம் போய்விடுகிற பொருள் என்றால், அங்கே ஸ்டாக் வைத்தே ஆக வேண்டும். ஸ்டாக் வைத்த அந்த நிமிஷத்திலிருந்து ஆட்டம் மாறிவிடுகிறது. சட்டத்தில் தொழில் நடக்கும் இடம் என்பதற்கான விளக்கத்திலேயே குடோனும், சரக்கு சேமிக்கிற வேறு எந்த இடமும் அடங்கும். குடோன் உங்களுடையதா, வாடகையா, தெரிந்தவர் சும்மா கொடுத்த ஷெட்டா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. சரக்கு உங்களுடையது, அங்கிருந்து விற்பனைக்குக் கிளம்புகிறது என்றால் அந்த மாநிலத்தில் பதிவு வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவில் "கூடுதல் இடம்" என்று பெங்களூர் முகவரியைச் சேர்த்துவிட முடியாதா என்று பலரும் கேட்பார்கள். முடியாது, கூடுதல் இடம் என்பது ஒரே மாநிலத்துக்குள் மட்டும்தான்.

இந்த இடத்தில் சிறியவர்களுக்காக ஒரு பேச்சு. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருப்பதால் ஜிஎஸ்டியே எடுக்காமல் வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்கள் வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்ப ஆரம்பித்தால் அந்த 40 லட்ச விலக்கு போய்விடும், முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம், ஆனால் அந்தப் பதிவும் தமிழ்நாட்டில்தான். அரசு அறிவித்த கைவினைப் பொருட்களுக்கு இதில் சலுகை உண்டு. பொருள் இல்லாமல் சேவை மட்டும் என்றால் 20 லட்சம் வரை வெளிமாநிலத்துக்கும் பதிவில்லாமல் செய்யலாம். மொத்த விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிற காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள்தான் உண்மையில் மாட்டிக்கொள்கிறவர்கள்: வெளிமாநிலத்துக்குப் பொருளே விற்கக் கூடாது. கர்நாடகாவில் தனியாக ஒரு பதிவு எடுத்து அங்கேயும் காம்பொசிஷனிலேயே இருக்கலாம், ஒரே பான் எண்ணில் உள்ள எல்லாப் பதிவுகளும் அதில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் இங்கிருந்து அங்கே ஸ்டாக் மாற்றினால் அதுவே வெளிமாநில சப்ளை ஆகிவிடும். அங்கேயே வாங்கி அங்கேயே விற்கிற வியாபாரத்துக்கு மட்டும்தான் அது சரிப்படும்.

சரி, கிளைப் பதிவு. பயப்படுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை, ஆனால் எளிது என்று சொல்கிறவர்கள் சொல்கிற அளவுக்கு எளிதும் இல்லை.

விண்ணப்பம் அதே போர்ட்டலில்தான், மாநிலம் மட்டும் கர்நாடகா. ஒரே பான், ஒரே பெயர், திருப்பூரில் இருக்கிற பேங்க் கணக்கையே காட்டலாம். வேண்டியது இடத்துக்கான ஆதாரம்: வாடகை ஒப்பந்தம், அதோடு வீட்டுக்காரர் பெயரில் சொத்து வரி ரசீதோ ஈபி பில்லோ ஏதாவது ஒன்று. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாவிட்டால் வீட்டுக்காரரின் அடையாளச் சான்றும் கேட்பார்கள், பதிவு செய்திருந்தால் அது வேண்டாம். ஆதார் சரிபார்ப்பு முடிந்து விண்ணப்பத்தில் எந்தச் சந்தேகமும் எழவில்லை என்றால் ஏழு வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும், நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று போனால் முப்பது நாள் வரை இழுக்கும். வெளியூர்க்காரர்கள் அடிக்கடி சந்தித்த ஒரு தொல்லை, நீங்கள் திருப்பூரில் குடியிருக்கிறீர்கள், பெங்களூரில் எப்படித் தொழில் செய்வீர்கள் என்கிற மாதிரிக் கேள்விகள். 2025 ஏப்ரல் 17 தேதியிட்ட மத்திய மறைமுக வரி வாரியத்தின் அறிவுறுத்தல், விண்ணப்பதாரரின் வீடு அதே ஊரிலோ மாநிலத்திலோ இல்லை என்பதை வைத்துக் கேள்வி எழுப்பக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அப்படி நோட்டீஸ் வந்தால் பதிலில் அதைக் குறிப்பிடுங்கள்.

ஆயிரம் இரண்டாயிரத்துக்கு மாத வாடகை என்று விற்கப்படுகிற விர்ச்சுவல் ஆபீஸ் முகவரிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஒரே கதவு எண்ணில் ஐம்பது நிறுவனம் பதிந்திருக்கும், வாசலில் உங்கள் பெயர்ப் பலகை இருக்காது. பதிவுச் சான்றிதழை அந்த இடத்தில் மாட்டி வைத்து, நுழைவாயில் பலகையில் ஜிஎஸ்டி எண்ணையும் எழுத வேண்டும் என்பது விதி. அதிகாரி ஒரு நாள் வந்து பார்த்து ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போனால் பதிவு சஸ்பெண்ட் ஆகும், நம்பர் செயலிழந்தால் பில் போட முடியாது, பில் போட முடியாவிட்டால் சரக்கு குடோனிலேயே கிடக்கும். உண்மையாகவே சரக்கு வைக்கிற இடத்துக்குப் பதிவு எடுங்கள், வாடகை கூட ஆனாலும் பரவாயில்லை.

பதிவு கைக்கு வந்த பிறகுதான் பணம் தொடர்பான விஷயம் தொடங்குகிறது, எனக்குத் தெரிந்து பலரும் இதைத்தான் யோசிக்காமல் இறங்குகிறார்கள். ஜிஎஸ்டி கண்ணில் திருப்பூர்ப் பதிவும் பெங்களூர்ப் பதிவும் இரண்டு வேறு ஆட்கள். உங்கள் சரக்கை உங்கள் குடோனுக்கே அனுப்பினாலும், ஒரு பைசா கை மாறாவிட்டாலும், அது சப்ளைதான், இன்வாய்ஸ் போட்டு ஐஜிஎஸ்டி கட்ட வேண்டும். 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பனியனும் டி-ஷர்ட்டும் அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை விலையுள்ள ஆடைகளுக்கு 5 சதவீதம் என்பதால் வரி ஒரு லட்சம். திருப்பூர்ப் பதிவின் ஜிஎஸ்டி லெட்ஜரில் நூல், துணி வாங்கிய கிரெடிட் கிடந்தால் அதிலிருந்து கழியும், இல்லாவிட்டால் அடுத்த மாதம் 20-ஆம் தேதி ரொக்கமாகக் கட்ட வேண்டும். அந்த ஒரு லட்சம் தொலைந்து போகவில்லை, பெங்களூர்ப் பதிவில் கிரெடிட்டாக உட்காரும், சரக்கு விற்க விற்கக் கழியும். ஆனால் சரக்கு ஆறு மாதம் குடோனில் கிடந்தால் வரிப் பணமும் ஆறு மாதம் அங்கேயே கிடக்கும். இதுவே 18 சதவீதப் பொருள் என்றால் 3,60,000 ரூபாய். வட்டிக்குக் கடன் வாங்கித் தொழில் செய்கிறவருக்கு இது விளையாட்டு இல்லை.

இதைக் கொஞ்சம் தளர்த்த ஒரு வழி விதியிலேயே இருக்கிறது. வாங்குகிற கிளை முழு இன்புட் கிரெடிட் எடுக்கத் தகுதி உள்ளது என்றால், இன்வாய்ஸில் நீங்கள் போடுகிற மதிப்பையே சந்தை மதிப்பாக ஏற்றுக்கொள்வார்கள் என்கிறது மதிப்பீட்டு விதி 28. விற்பனை விலையில் அனுப்பாமல் அடக்க விலையில் அனுப்பலாம், முடங்குகிற பணம் அந்த அளவுக்குக் குறையும்.

கிரெடிட் மாநில எல்லையைத் தாண்டாது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். பெங்களூர் குடோன் வாடகைக்குக் கட்டுகிற கர்நாடக எஸ்ஜிஎஸ்டி அங்குள்ள விற்பனை வரியில்தான் கழியும். திருப்பூரில் ரொக்கமாக வரி கட்டிக்கொண்டிருக்கும்போதே பெங்களூர் லெட்ஜரில் இரண்டு லட்சம் கிரெடிட் சும்மா கிடப்பது சர்வ சாதாரணம். அதனால் எவ்வளவு விற்கும் என்று தெரிந்துகொண்டு அந்த அளவுக்கு ஸ்டாக் அனுப்புங்கள், லாரியில் இடம் இருக்கிறதே என்று ஏற்றாதீர்கள்.

இரண்டாவது நம்பர் வந்ததும் கூடவே வருகிற இன்னொரு தலைவலியைப் பற்றிச் சின்ன வியாபாரிகளிடம் யாரும் சொல்வதில்லை. 2025 ஏப்ரல் 1 முதல், இரண்டு பதிவுக்கும் பொதுவான சேவைக்கான பில் ஒரே இடத்துக்கு வந்தால், ஆடிட்டர் ஃபீஸ், விளம்பரம் மாதிரி, அந்தக் கிரெடிட்டைப் பிரித்துக் கொடுக்க ஐஎஸ்டி என்கிற தனிப் பதிவு எடுக்க வேண்டும், அதற்கு மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-6 ரிட்டர்ன் வேறு. இரண்டு கிளைக்கு மூன்று பதிவு என்று ஆகிவிடும். இதிலிருந்து தப்பிக்க நேர்மையான எளிய வழி, சேவை கொடுக்கிறவரிடம் திருப்பூர் வேலைக்குத் திருப்பூர் நம்பரிலும் பெங்களூர் வேலைக்குப் பெங்களூர் நம்பரிலும் தனித்தனி பில் கேட்டு வாங்குவது. தலைமை ஆபீஸ் ஆட்களே கிளைக்குச் செய்கிற கணக்கு வேலைக்கு, கிளைக்கு முழுக் கிரெடிட் உண்டு என்றால், பில் போடாவிட்டாலும் பிரச்சினை இல்லை என்று 2023 ஜூலையில் வந்த சுற்றறிக்கை சொல்லிவிட்டது.

ரிட்டர்ன் இரண்டு மடங்கு. மொத்த விற்பனை 5 கோடிக்குள் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் வசதி உண்டு, ஆனால் அந்த 5 கோடி பான் எண்ணுக்கு மொத்தமாகப் பார்ப்பது, கிளைக்குத் தனியாக அல்ல. விற்பனையே இல்லாத மாதத்துக்கும் நில் ரிட்டர்ன் போட வேண்டும், தவறினால் ஒரு நாளைக்கு 20 ரூபாய், விற்பனை இருந்து தவறினால் 50 ரூபாய்.

அப்புறம் உள்ளூர் சமாச்சாரங்கள். கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டப்படி தொடங்கிய முப்பது நாளுக்குள் பதிய வேண்டும். மாநகராட்சி டிரேட் லைசென்ஸ் உண்டு. பெயர்ப் பலகையில் அறுபது சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும், அதுவும் மேல் பாதியில் என்று 2024-ல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. திருப்பூரில் அடித்த பலகையை அப்படியே கொண்டுபோய் மாட்டாதீர்கள். அங்கே வேலைக்கு வைக்கிற ஆளுக்குத் தொழில் வரி நம் ஊர் மாதிரி அரையாண்டுக்கு ஒரு முறை உள்ளாட்சியில் கட்டுவது இல்லை, மாநில அரசுக்கு மாதாமாதம்: 25,000 ரூபாயோ அதற்கு மேலோ சம்பளம் என்றால் மாதம் 200, பிப்ரவரியில் 300. பி.எஃப்புக்குப் பழைய கோடே போதும், ஈ.எஸ்.ஐக்குக் கிளைக்கு சப்-கோடு வாங்க வேண்டும். மசாலா, ஊறுகாய், எண்ணெய் என்று உணவுப் பொருள் தொழில் என்றால் இதில் ஒரு படி கூடும். இரண்டு மாநிலத்தில் இயங்கினால் தலைமை அலுவலகத்துக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ மத்திய லைசென்ஸ், ஒவ்வொரு குடோனுக்கும் அதனதன் லைசென்ஸ்.

இத்தனையும் வேண்டாம், ஆனால் ஸ்டாக் அங்கே இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறவர்கள் ஏஜென்ட் பக்கம் பார்க்கலாம். இதில் இரண்டு வகை. டீலர் என்றால் நீங்கள் அவருக்கு நேரடியாக விற்றுவிடுகிறீர்கள், ஐஜிஎஸ்டி பில், கதை முடிந்தது, சரக்கு அவருடையது, குடோனும் பதிவும் பலகையும் அவர் பாடு. கன்சைன்மென்ட் ஏஜென்ட் என்றால் சரக்கு உங்களுடையதாகவே இருக்கும், அவர் தன் பெயரில் பில் போட்டு விற்றுக் கமிஷன் எடுத்துக்கொள்வார். இங்கேயும் நீங்கள் அவருக்கு அனுப்பும்போதே வரி, அவர் அங்கே பதிந்திருக்க வேண்டும். ஆக வரியில் இரண்டும் ஒன்றுதான், பணம் வருகிற காலமும் விற்காத சரக்கு யார் தலையில் என்பதும்தான் வேறு. டீலருக்குக் கொடுக்கிற லாபப் பங்கு கிளைச் செலவைவிட அதிகமாகத் தெரியும். ஆனால் குடோன் வாடகை, ஒரு ஆள் சம்பளம், கணக்குப் பிள்ளை ஃபீஸ், முடங்குகிற வரிக்கு வட்டி எல்லாவற்றையும் கூட்டி அதை அந்த ஊர் விற்பனையால் வகுத்துப் பாருங்கள். முதல் இரண்டு வருஷம் பெரும்பாலும் டீலரே மலிவாக வருவார். விற்பனை வளர வளரக் கிளை மலிவாகும். இந்த இரண்டு செலவும் சமமாகிற இடம் ஆளுக்கு ஆள் மாறும், அதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது.

ஆன்லைன் தளங்களின் கிடங்கில் சரக்கு வைத்து விற்பவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. கிடங்கு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கே பதிவு எடுத்து அந்தக் கிடங்கின் முகவரியை அதில் காட்ட வேண்டும். அந்தத் தளம் வேகமான டெலிவரி, அதிக விற்பனை என்று ஆசை காட்டி ஐந்து மாநிலத்தில் வைக்கச் சொல்லும். ஒரு மாநிலத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இல்லாவிட்டால் ஐந்து நம்பருக்கு ரிட்டர்ன் போட்டுக்கொண்டே இருப்பீர்கள், விற்ற பணத்திலிருந்து தளம் வரியாகப் பிடிக்கிற அரை சதவீத டிசிஎஸ்ஸும் ஐந்து இடத்தில் சிதறிக் கிடக்கும்.

பத்து நாள் கண்காட்சியில் ஸ்டால் போடுகிறவர்களுக்கு நிரந்தரப் பதிவு தேவையில்லை. கேஷுவல் டாக்சபிள் பெர்சன் என்கிற தற்காலிகப் பதிவு இருக்கிறது, அதிகபட்சம் 90 நாள், நீட்டிக்கவும் செய்யலாம். தொடங்குவதற்கு ஐந்து நாள் முன்னாடியே விண்ணப்பிக்க வேண்டும், எவ்வளவு வரி வரும் என்று மதிப்பிட்டு அதை முன்பணமாகவும் கட்டிவிட வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து பட்டுப்புடவையை ஒரு கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டி, பிடித்ததை மட்டும் கொடுத்துவிட்டு வருவது இதில் சேராது. அதற்கு டெலிவரி சலானில் கொண்டுபோய், விற்றதற்கு மட்டும் அங்கேயே ஐஜிஎஸ்டி இன்வாய்ஸ் கொடுத்தால் போதும் என்று 2017 அக்டோபர் சுற்றறிக்கை ஒன்று தெளிவுபடுத்தியிருக்கிறது.

புதுச்சேரியைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் விட முடியாது. கடலூர், விழுப்புரம் வியாபாரிகளுக்கு அது பக்கத்துத் தெரு மாதிரி, ஆனால் ஜிஎஸ்டிக்கு அது 34, தனிப் பதிவு. அதே 34 காரைக்காலுக்கும் செல்லும், கேரளத்துக்கு நடுவில் இருக்கிற மாஹேவுக்கும் ஆந்திரத்துக்குள் இருக்கிற ஏனாமுக்கும் செல்லும். காரைக்காலில் கடை போட்ட நாகப்பட்டினத்துக்காரர் சொந்த ஊருக்குச் சரக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி, மாஹேவுக்கு அனுப்பினால் உள்ளூர் வரி. வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

புதுக் கம்பெனி யோசனைக்கு வருவோம். இதை ஆதரிப்பவர்கள் முதலில் சொல்வது வரி மிச்சம். ஸ்டாக் விஷயத்தில் அப்படி ஒன்றும் இல்லை, உங்கள் நிறுவனமும் உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள புது நிறுவனமும் தொடர்புள்ள நபர்கள், அதே விதி 28-தான். மொத்த விற்பனை பிரிந்து போவதால் 5 கோடிக்கு மேல் கட்டாயமாகிற இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுப் போர்ட்டலில் பதிந்து எண் வாங்குவது) கொஞ்ச நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான். அதற்கு விலையாக, பிரைவேட் லிமிடெட் என்றால் ஒரு ரூபாய் விற்காவிட்டாலும் ஆடிட், ஆண்டறிக்கை, டைரக்டர் கேஒய்சி, ஆண்டுக் கணக்கு, ஆண்டறிக்கை ஃபாரங்கள் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய். எல்எல்பி கொஞ்சம் லேசு, விற்பனை 40 லட்சமும் முதலீடு 25 லட்சமும் தாண்டாத வரை ஆடிட் கட்டாயம் இல்லை, ஆனால் ஃபாரம் 8-ம் 11-ம் வருஷா வருஷம் உண்டு. இதைவிடப் பெரிய நஷ்டம் வருமான வரியில். புதுக் கிளை முதல் வருஷம் நஷ்டம் காட்டினால் அது திருப்பூர் லாபத்தில் கழிந்துவிடும், புதுக் கம்பெனியின் நஷ்டம் அந்தக் கம்பெனிக்குள்ளேயே நிற்கும். பேங்கில் போய் ஓ.டி. கேட்டால் மூன்று வருஷக் கணக்கு எங்கே என்பார்கள். டெண்டரில் முன் அனுபவம் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது, இருபது வருஷ அனுபவம் பழைய பெயரில் அல்லவா இருக்கிறது.

இவ்வளவு சொன்னாலும் புதுக் கம்பெனிதான் சரி என்கிற இடம் உண்டு. பெங்களூரில் ஒருவர் பாதிப் பணம் போட்டு அங்கே உட்கார்ந்து நடத்துகிறேன் என்கிறார், ஆனால் அவருக்குத் திருப்பூர் லாபத்தில் பங்கு இல்லை என்றால், ஒரே நிறுவனத்துக்குள் இதைப் பிரித்து எழுதுவது சண்டைக்கு வழி. தனி எல்எல்பி போடுங்கள். கட்டுமானம் மாதிரி ஒரு விபத்தோ வழக்கோ வந்தால் மொத்தத் தொழிலையும் இழுத்துப் போடுகிற வேலை என்றாலும் பிரித்து வைப்பது நல்லது. கிளைப் பதிவு தனி என்றாலும் ஆள் ஒன்றுதான், கர்நாடகப் பாக்கிக்குத் திருப்பூர்ச் சொத்தும் பொறுப்பு.

சேவைத் தொழிலுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. கோயம்புத்தூர் சாஃப்ட்வேர் நிறுவனம் பெங்களூர் வாடிக்கையாளருக்கு வேலை செய்ய அங்கே பதிய வேண்டியதே இல்லை. ஆட்களும் வசதிகளும் நிரந்தரமாக இருக்கிற ஒரு இடத்திலிருந்து சேவை போகிறதா என்பதுதான் அளவுகோல். ஆபீஸ் வாடகைக்கு எடுத்துப் பத்துப் பேரை உட்கார வைத்தால் பதிவு எடுங்கள், இல்லையென்றால் அந்த வாடகை, இன்டர்நெட், ஃபர்னிச்சர் மேல் கட்டிய கர்நாடக வரி முழுக்க வீண். ஹோட்டல் பில்லும் அப்படித்தான். மாதம் பத்து நாள் பெங்களூரில் தங்குகிறவர் தமிழ்நாட்டு நம்பரைக் கொடுத்தாலும் ஹோட்டல்காரர் கர்நாடக வரிதான் போடுவார், கிரெடிட் வராது. அதற்காக ஒரு பதிவு எடுக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன், அந்தத் தொகை ரிட்டர்ன் போடுகிறவருக்குக் கொடுக்கிற ஃபீஸுக்கே பத்தாது.

வெளியே வருவது எப்படி என்பதையும் உள்ளே போகுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மூன்று வழிக்கும் இதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. டீலர் என்றால் ஆர்டர் எடுப்பதை நிறுத்தினால் போதும், பாக்கி வசூல்தான் பாடு. கம்பெனி என்றால் பாக்கி ரிட்டர்ன் எல்லாவற்றையும் போட்டு முடித்து, எஸ்டிகே-2 ஃபாரத்துக்கு 10,000 ரூபாய் கட்டி, பெயர் நீக்கும் வரை காத்திருக்க வேண்டும். கிளைப் பதிவை மூட ரெக்-16 போட்டு, ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் ஜிஎஸ்டிஆர்-10 போட வேண்டும். இதில் வரிசை முக்கியம்: மூடுகிற நாளில் அங்கே ஸ்டாக் இருந்தால் அதற்கு எடுத்த கிரெடிட்டைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், லெட்ஜரில் மிச்சம் கிடக்கிற கிரெடிட்டும் சாதாரணமாகத் திருப்பூருக்கு வராது. அதனால் முதலில் மீதிச் சரக்கு முழுவதையும் ஐஜிஎஸ்டி இன்வாய்ஸில் திருப்பூருக்குத் திருப்பி அனுப்புங்கள், அந்த வரியைப் பெங்களூர் கிரெடிட்டிலிருந்தே கட்டுங்கள், அந்தக் கிரெடிட் அப்படித்தான் சரக்கோடு ஊருக்கு வரும். அந்த மாத ரிட்டர்னைப் போட்ட பிறகு ரெக்-16 போடுங்கள்.